கார்னீலியன் செர்ரி சர்பத்: சத்து குறையாமல் தயாரிக்கும் முறை

துருக்கியில் 'கிசில்ஜிக்' எனப்படும் கார்னீலியன் செர்ரி, பெயரில்தான் செர்ரி. தாவரவியலில் அதற்கும் செர்ரிக்கும் நெருங்கிய உறவில்லை. காயில் துவர்ப்பு மிகுதி என்பதால், ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் மரத்தடியில் துணி விரித்து, தானாக உதிரும் அடர்சிவப்புப் பழங்களையே சேகரிக்க வேண்டும்.

1 கிலோ பழத்தைக் கழுவி, ஒன்றரை லிட்டர் நீரில், எவர்சில்வர் பாத்திரத்தில் மிதமான தீயில் மென்மையாகும்வரை மட்டும் வேகவையுங்கள். புளிப்பு அமிலம் அலுமினியத்தை அரிக்கும். கொதி நீண்டால் வைட்டமின் சியும், சிவப்பு நிறம் தரும் ஆந்தோசயனின்களும் சிதையும். கொட்டை நீங்க மசித்து வடிகட்டி, ஆறிய பின் அளவாகச் சர்க்கரை சேர்த்துக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம்.

இப்பழத்தின் தனிச்சிறப்பு, பிற பழங்களில் அரிதாகவே காணப்படும் லோகானிக் அமிலம், கார்னுசைடு ஆகிய இரிடாய்டுகள் எனப்படும் தாவர வேதிப்பொருள்கள்தாம். முயல்களில் நடந்த ஆய்வுகளில் இப்பழம் இரத்தத்தில் உள்ள ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பைக் குறைத்தது; எனினும் மனிதர்களிடம் கிடைத்த சான்றுகள் குறைவு என்பதால், இதை மருந்துக்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையைத் தவிர்ப்பதே முறை. புளிப்பைத் தாங்க முடிந்தால் எல்லோருக்குமே அதுதான் நல்லது.