எல்லிசன் ஸ்கிரிப்ட் சண்டை: ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1960-களின் அமெரிக்க விண்வெளித் தொடரான ஸ்டார் ட்ரெக்கின் ரசிகர்கள் கூடி, ஹார்லன் எல்லிசன் எழுதி, பிறகு பலர் மாற்றிய 'தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்' எபிசோடைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்திலேயே யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: "எல்லிசன் எழுதின ஒரிஜினல்ல ஸ்காட்டி போதைப்பொருள் விக்கிறார். அதை எப்படிப் படமாக்க முடியும்?" சொல்பவர் அந்த ஸ்கிரிப்டைப் படித்திருக்க வாய்ப்பில்லை. ஏனென்றால் அதில் கப்பலின் இன்ஜினியரான ஸ்காட்டி என்ற பாத்திரமே கிடையாது. போதைப்பொருள் விற்பவன் பெக்வித், அந்த ஒரு கதைக்காக மட்டும் உருவாக்கப்பட்டவன். அவனிடம் வாங்கி அடிமையான லெபெக் உண்மையைச் சொல்லிவிடத் துணிந்ததும், பெக்வித் அவனைக் கொன்றுவிடுகிறான். கதை தொடங்குவது அங்கேதான்.

ஸ்காட்டியை இதில் இழுத்துவிட்டவர் யாரோ ஒரு அரைகுறை ரசிகர் அல்ல. தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரியே பேட்டிகளிலும் மேடைகளிலும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார். படைத்தவரே சொன்னால் யார் போய்ச் சரிபார்ப்பார்கள்? இந்த விவாதத்தில் முதலில் தவிர்க்க வேண்டிய தவறு அதனால்தான் இது: யார் சொன்னது என்பதை வைத்து நம்பிவிடுவது. ஸ்கிரிப்ட் அச்சில் இருக்கிறது, திறந்து பார்த்துவிட்டுப் பேசலாம்.

புதிதாக வருபவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எபிசோட் 1967 ஏப்ரல் 6 அன்று என்பிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது, இயக்கியவர் ஜோசப் பெவ்னி. என்டர்பிரைஸ் விண்கலத்தின் டாக்டர் மெக்காய் தவறுதலாகத் தனக்கே கார்ட்ரசைன் மருந்தை ஏற்றிக்கொண்டு, வெறிபிடித்த நிலையில் ஒரு காலவாயில் வழியாகக் கடந்த காலத்துக்குள் பாய்கிறார். வரலாறே மாறிவிடுகிறது. அதைச் சரிசெய்ய கேப்டன் கிர்க்கும் அவருடைய வேற்றுக்கிரக அதிகாரி ஸ்பாக்கும் 1930-ஆம் ஆண்டு நியூயார்க்குக்குப் போகிறார்கள். அங்கே ஏழைகளுக்குச் சோறு போடும் ஈடித் கீலரை (நடித்தவர் ஜோன் காலின்ஸ்) கிர்க் காதலிக்கிறார். ஆனால் ஈடித் உயிரோடு இருந்தால் அவருடைய அமைதி இயக்கம் வளர்ந்து, அமெரிக்கா போரில் இறங்குவது தள்ளிப்போய், ஹிட்லரின் ஜெர்மனி வென்றுவிடும். அதனால் அவர் இறந்தாக வேண்டும். லாரி வருகிறது, மெக்காய் காப்பாற்றப் பாய்கிறார், கிர்க் அவரைக் கட்டிப்பிடித்து நிறுத்திவிடுகிறார்.

திரையில் எழுத்தாளர் என்று வந்தது ஹார்லன் எல்லிசன் பெயர் மட்டும்தான். ஆனால் ஒளிபரப்பானது அவர் எழுதியபடி இல்லை. தன் பெயரை எடுத்துவிட்டு 'கார்ட்வெய்னர் பேர்ட்' என்ற புனைபெயரைப் போடச் சொன்னார், ராடன்பெரி ஒப்புக்கொள்ளவில்லை. அன்று ஆரம்பித்த மனக்கசப்பு ஆறவே இல்லை. எல்லிசன் தன் ஸ்கிரிப்டையும் தன் தரப்பையும் சேர்த்து 1995-இல் குறைந்த பிரதிகளாகவும், 1996-இல் பரவலாகவும் எபிசோடின் பெயரிலேயே ஒரு புத்தகமாக வெளியிட்டார். ரசிகர்களின் இன்றைய சண்டை பெரும்பாலும் அந்தப் புத்தகத்தைச் சுற்றித்தான்.

அந்தப் புத்தகத்தைப் படிப்பதிலேயே ஒரு பெரிய தவறு நடக்கிறது. முன்னால் நீண்ட கட்டுரை ஒன்று இருக்கிறது. முழுக்கக் கோபம், ராடன்பெரியைப் பிய்த்து எடுக்கிறார். அதைப் படித்த சூட்டிலேயே பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். பிறகு "எல்லிசன் ஒரு வாயாடி" என்று ஒரு கட்சியும், "ராடன்பெரி ஒரு திருடன்" என்று இன்னொரு கட்சியும் கிளம்புகின்றன. கட்டுரைக்குப் பிறகுதான் விஷயமே இருக்கிறது: கதைச்சுருக்கங்கள், முழு ஸ்கிரிப்ட், திருத்தி எழுதிய பகுதிகள். கடைசியில் தொடரின் நடிகர்கள் லெனார்ட் நிமாய், ஜார்ஜ் டகேய், டிஃபாரஸ்ட் கெல்லி, எழுத்தாளர்கள் டேவிட் ஜெரால்ட், டி.சி. ஃபான்டானா போன்றவர்கள் எழுதிய பின்னுரைகள். என்னைக் கேட்டால் முதலில் ஸ்கிரிப்ட், அடுத்து ஃபான்டானாவின் பின்னுரை, கடைசியாக முன்கட்டுரை. இந்த வரிசையில் படித்தால் கோபம் எதற்காக என்பது புரியும். அந்தக் கோபம் எங்கே நியாயத்தைத் தாண்டிப் போகிறது என்பதும் புரியும்.

ஃபான்டானாவின் பின்னுரையை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. "ராடன்பெரி மாற்றி எழுதிவிட்டார்" என்று ஒரே ஆளின் தலையில் கட்டுவது இந்த விவாதத்தில் சர்வசாதாரணமாக நடக்கும் தவறு. உண்மையில் பல கைகள் பட்டிருக்கின்றன. எல்லிசனே பலமுறை திருத்திக் கொடுத்தார். பிறகு கதை ஆசிரியர் ஸ்டீவன் கராபட்சோஸ், தயாரிப்பாளர் ஜீன் கூன், ஃபான்டானா, கடைசியாக ராடன்பெரி என்று வரிசையாகக் கை வைத்தார்கள். இதில் கனமான வேலை ஃபான்டானாவுடையது. மெக்காயின் கதையில் கார்ட்ரசைனைக் கொண்டுவந்தவர் அவர்தான். அவர் எல்லிசனின் தோழியும்கூட. மாற்றியது தான்தான் என்பதைப் பல வருடங்கள் சொல்லாமலே இருந்து, அந்தப் புத்தகத்தின் பின்னுரையில்தான் வெளிப்படையாக எழுதினார். தன்னைத் திருத்தியவரின் தரப்பையும் தன் புத்தகத்திலேயே எல்லிசன் அச்சிட்டிருக்கிறார் என்பதை அவரைத் திட்டுபவர்கள் கவனிப்பதில்லை. அவரைத் தூக்கிப் பிடிப்பவர்களோ, ராடன்பெரிக்குக் கொடுக்கும் திட்டில் பாதியைக்கூட ஃபான்டானாவுக்குக் கொடுப்பதில்லை.

சரி, அப்படியானால் புத்தகத்தில் இருப்பதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. அது வழக்காடுகிறவரின் வாக்குமூலம். ராடன்பெரி 1991-லும் கூன் 1973-லுமே காலமாகிவிட்டார்கள், பதில் சொல்ல அவர்கள் இல்லை. தேதியிட்ட ஸ்கிரிப்டுகள் ஆதாரம். மற்றவர்களின் மனதில் என்ன இருந்தது என்று எல்லிசன் எழுதுவது அவருடைய கணிப்பு. கிர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னர் மோட்டார்சைக்கிளில் வீட்டுக்கு வந்து, ஸ்கிரிப்டில் தனக்கு எத்தனை வசனம் என்று எண்ணிப் பார்த்ததாக ஒரு சம்பவம் அதில் வருகிறது. படிக்கச் சுவையாக இருக்கும், எல்லோரும் அதையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். ஆனால் அது ஒரு தரப்பு சொன்னது. சொல்லும்போது "எல்லிசன் எழுதியிருக்கிறார்" என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறைந்துவிடும்.

இன்னொரு தவறு காலக்கணக்கில். "ஸ்டார்ஃப்ளீட் (தொடரில் வரும் விண்படை) கப்பலில் போதைப்பொருளா, கொலையா? எல்லிசனுக்கு ஸ்டார் ட்ரெக்கே புரியவில்லை" என்பார்கள். அவருடைய முதல் கதைச்சுருக்கம் 1966 மார்ச் மாதத்தது, முதல் ஸ்கிரிப்ட் ஜூன் தொடக்கத்தில் வந்தது. தொடரின் வழக்கமான படப்பிடிப்பே மே மாதக் கடைசியில்தான் ஆரம்பித்தது. ஒளிபரப்பு செப்டம்பர் 8. இன்று நாம் ஸ்டார் ட்ரெக் என்று சொல்லும் உலகம் அப்போது பாதிதான் உருவாகியிருந்தது. ஸ்கிரிப்டிலேயே இதற்கு ஒரு சான்று இருக்கிறது. வரலாறு மாறியதும் என்டர்பிரைஸ் இருந்த இடத்தில் கொள்ளைக்காரர்களின் கப்பல் ஒன்று நிற்கிறது. அதில் ஆட்களை இடம்மாற்றும் டிரான்ஸ்போர்ட்டர் அறையைப் பிடித்துவைத்துக் காவல் காப்பவர், கேப்டனின் உதவியாளரான யோமன் ராண்ட். ஒளிபரப்பான எபிசோடில் ராண்ட் எங்கே? அந்த நடிகை 1966-இன் பிற்பாதியிலேயே தொடரிலிருந்து வெளியேற்றப்பட்டுவிட்டார். எல்லிசன் எழுதியபோது ராண்ட் நிரந்தரப் பாத்திரம், எபிசோட் எடுத்தபோது ஆளே இல்லை. தொடர் அவ்வளவு வேகமாக மாறிக்கொண்டிருந்தது. பின்னால் வந்த விதிகளை வைத்து முன்னால் எழுதியதை அளப்பது எல்லிசனுக்குச் செய்யும் அநியாயம்.

இதோடு ஒட்டி வருவது, எல்லிசன் ஆரம்பம் முதலே அந்தத் தொடரை வெறுத்தார் என்ற பேச்சு. 1966 டிசம்பரில் தொடரைக் காப்பாற்றக் கடிதம் எழுதும்படி அறிவியல் புனைகதை வாசகர்களைக் கேட்டு ஒரு குழு வேண்டுகோள் விடுத்தது. ராபர்ட் பிளாக், தியடோர் ஸ்டர்ஜன், ரிச்சர்ட் மேதசன், ஃபிராங்க் ஹெர்பர்ட் எல்லாம் இருந்த அந்தக் குழுவை முன்னின்று நடத்தியவர் எல்லிசன். தன் ஸ்கிரிப்டைத் திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்த அதே நாட்களில்தான் இதையும் செய்தார்.

பணக் கணக்கை இரு கட்சிகளும் ஆயுதமாக எடுக்கும். எபிசோடுக்கு ஆன செலவு 2,45,000 டாலர் சொச்சம். அந்தப் பருவத்தில் ஒரு எபிசோடுக்கு ஒதுக்கியதைவிட இது பல ஆயிரம் டாலர் அதிகம், படப்பிடிப்பு நாட்களும் கூடின. "சுருக்கியும் இவ்வளவு செலவழித்தார்களே, எல்லிசன் எழுதியதையே எடுத்திருக்கலாமே" என்று ஒரு பக்கம் கேட்கிறார்கள். எனக்கு இந்த வாதம் எடுபடவில்லை. சுருக்கியதற்கே இவ்வளவு ஆனதென்றால், கொள்ளையர் கப்பலும் காலவாயிலைக் காக்கும் உயரமான காவலர்கள் பலரும் வரும் முழு ஸ்கிரிப்டுக்கு இன்னும் எகிறியிருக்கும். கிர்க்கும் ஈடித்தும் கைகோத்து நடக்கும் இரவுத் தெருவைப் பாருங்கள். கல்வர் சிட்டியில் 'ஆண்டி கிரிஃபித் ஷோ' என்ற இன்னொரு தொடருக்காகப் பயன்படுத்திய அதே வெளிப்புற செட் அது. கடைக் கண்ணாடியில் 'ஃபிலாய்ட்ஸ் பார்பர் ஷாப்' என்ற எழுத்துகூட அப்படியே தெரிகிறது. இருந்ததை வைத்துச் சமாளித்துத்தான் எடுத்திருக்கிறார்கள். ஆனாலும் ஸ்கிரிப்ட் செலவு பிடித்தது என்பது வேறு, மட்டமானது என்பது வேறு. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை நிறுவப் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

விருதுகளிலும் இதே குழப்பம். 1968-இல் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது, நாடகப் பிரிவில், கிடைத்தது ஒளிபரப்பான எபிசோடுக்கு. அந்த வருடம் அந்தப் பிரிவின் ஐந்து பரிந்துரைகளுமே ஸ்டார் ட்ரெக் எபிசோடுகள்தான். அமெரிக்கத் திரை எழுத்தாளர் சங்கத்தின் விருது கிடைத்ததோ எல்லிசன் சமர்ப்பித்த தன்னுடைய பிரதிக்கு. ஒன்றைக் காட்டி "பார்த்தாயா, மாற்றியதால்தான் விருது" என்பதும், இன்னொன்றைக் காட்டி "பார்த்தாயா, ஒரிஜினலுக்குத்தான் விருது" என்பதும் எதையும் தீர்க்காது. வெவ்வேறு நடுவர்கள், வெவ்வேறு படைப்புகள். இரண்டுமே தகுதியானவை.

சின்னச் சின்னத் தவறுகளும் உண்டு. ஒரிஜினல் ஸ்கிரிப்ட் 1996-இல்தான் முதன்முதலாக வெளியே வந்தது என்பது தவறு, 1976-லேயே அறிவியல் புனைகதை நாடகங்களின் தொகுப்பு ஒன்றில் அச்சாகிவிட்டது. ஜேம்ஸ் பிளிஷ் 1968-இல் எழுதிய கதைவடிவத்தைப் படித்துவிட்டு "ஒரிஜினலைப் படித்துவிட்டேன்" என்பவர்களும் இருக்கிறார்கள். அவர் ஒரிஜினலையும் ஒளிபரப்பானதையும் கலந்து எழுதினார். 2014-இல் ஐடிடபிள்யூ பதிப்பகம் ஐந்து இதழ்களாகக் கொண்டுவந்த காமிக்ஸ் எல்லிசனின் கதையை ஒட்டியது, ஜே.கே. உட்வர்டின் ஓவியங்களுக்காகவே வாங்கலாம். ஆனால் ஃபான்டானாவின் தரப்பைத் தெரிந்துகொள்ளப் புத்தகம்தான் வேண்டும். அப்புறம், 2009-இல் எல்லிசன் போட்ட வழக்கு மாற்றி எழுதியதைப் பற்றியது அல்ல. இந்தக் கதையிலிருந்து பிறந்த நாவல்கள், விற்பனைப் பொருட்கள் ஆகியவற்றில் தனக்கு வரவேண்டிய பங்கைப் பற்றியது. எழுத்தாளர் சங்கத்தின் மீதும் ஒரே ஒரு டாலர் கேட்டு வழக்குப் போட்டார். அந்த வருடமே சமரசமாகிவிட்டது.

இதையெல்லாம் ஒதுக்கிவைத்த பிறகுதான் உண்மையில் விவாதிக்க வேண்டிய விஷயம் கண்ணில் படுகிறது. அது கதையைப் பற்றியது.

எல்லிசனின் ஸ்கிரிப்டில் ட்ரூப்பர் என்று ஒருவர் வருகிறார். முதல் உலகப்போரில் கால்களை இழந்து, நியூயார்க் தெருவில் கிடக்கும் முன்னாள் ராணுவ வீரர். பெக்வித்தைத் தேட கிர்க்குக்கு உதவப்போய், அதிலேயே உயிரை விடுகிறார். ஈடித் இருந்தால் உலகமே மாறும். ட்ரூப்பர் இருந்தாலும் போனாலும் காலத்துக்கு எந்த வித்தியாசமும் இல்லை. கடைசியில் கிர்க் அதைத்தான் நினைத்துப் பார்க்கிறார். இப்படி ஒரு மனிதரை எடுத்துவிட்டது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். ஒளிபரப்பான எபிசோடில் இதன் நிழல் போல ஒரு சின்னக் காட்சி இருக்கிறது. தெருவோர நாடோடி ஒருவர் மெக்காயின் ஃபேசர் துப்பாக்கியைத் திருடி, தெரியாமல் அழுத்தி, காற்றோடு மறைந்துபோகிறார். காலம் அசையவில்லை, யாரும் அவரைத் தேடவும் இல்லை. அடுத்த முறை பார்க்கும்போது அந்த இடத்தைக் கவனியுங்கள்.

முடிவும் இப்படித்தான். எல்லிசனின் கதையில் ஈடித்தைக் காப்பாற்ற ஓடுபவன் கொலைகாரன் பெக்வித். அவனைத் தடுக்க வேண்டிய கிர்க்கால் அது முடியவில்லை, உறைந்து நின்றுவிடுகிறார். தடுப்பவர் ஸ்பாக். பிறகு கப்பலில் கிர்க்கின் அறைக்கு வந்து, தன் கிரகத்தின் நீண்ட இரவுகளையும் விடியலில் கேட்கும் வெள்ளிப் பறவைகளின் ஒலியையும் சொல்லி, அங்கே வந்து ஓய்வெடுக்கும்படி அழைக்கிறார். ஒளிபரப்பானதிலோ தடுப்பவர் கிர்க்கேதான். "கேப்டன் என்றால் கடமையைச் செய்துதான் ஆகவேண்டும், உறைந்து நிற்கும் கிர்க் கிர்க்கே இல்லை" என்பது ஒரு கட்சி. "காதலித்தவளைச் சாகவிட முடியாமல் நிற்பவன்தான் மனிதன்" என்பது இன்னொரு கட்சி.

ஸ்பாக் கிர்க்கின் அறைக்கு வரும் காட்சி எல்லிசனின் கதையிலேயே எனக்கு ஆகப் பிடித்தது. ஆனாலும் முடிவை மட்டும் வைத்துப் பார்த்தால் நான் ஒளிபரப்பான பக்கம்தான். எல்லிசனின் கிர்க்குக்காக ஸ்பாக் அந்தச் சுமையை வாங்கிக்கொள்கிறார். ஒளிபரப்பான கிர்க்குக்கு அப்படி யாரும் இல்லை. அவருடைய கைகளே நண்பரைப் பிடித்து நிறுத்துகின்றன. என்ன செய்தோம் என்று தெரிந்தா செய்தீர்கள் என்று மெக்காய் கேட்கும்போது கிர்க்கிடம் பதில் இல்லை, ஸ்பாக்தான் பதில் சொல்கிறார். ட்ரூப்பரை வைத்துக்கொண்டே இந்த முடிவுக்கு வந்திருக்க முடியாதா என்பதுதான் என் ஏக்கம். ஐம்பது நிமிடத்துக்குள் அது அடங்கியிருக்காது என்று யாராவது சொன்னால், ஸ்கிரிப்டைப் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டு வாதாட நான் தயார்.