குரங்கினக் குடிவழி மரம்: ஒரே தாளில் வரைந்து பார்க்கலாம்

ஒரு வெள்ளைத்தாளின் மேல் ஓரத்தில் கிப்பன், உராங்குட்டான், கொரில்லா, சிம்பன்சி, போனபோ (சிம்பன்சியைப் போன்ற ஆப்பிரிக்க வாலில்லாக் குரங்கு), மனிதர் என்று எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் எழுதுங்கள். மட்டம் முக்கியம். இவை எல்லாம் இன்று வாழ்பவை, எதுவும் இன்னொன்றின் மூதாதை கிடையாது. ‘சிம்பன்சியிலிருந்து மனிதன் வந்தான்’ என்ற தவறான எண்ணம் இங்கேயே அடிபட்டுப் போகும்.

அடுத்து, கோடுகளைக் கீழ்நோக்கி, அதாவது பழங்காலத்தை நோக்கி இழுங்கள். சிம்பன்சியும் போனபோவும் 10 முதல் 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் சேரும். அதோடு மனிதக் கோடு சுமார் 60–70 லட்சம் ஆண்டுகள் அளவில் சேரும், அப்புறம் கொரில்லா, அதற்கும் கீழே உராங்குட்டான், கடைசியாகக் கிப்பன். இப்போது பாருங்கள், போனபோவை விட்டால் சிம்பன்சிக்கு நெருங்கிய சொந்தம் கொரில்லா இல்லை, மனிதர்தான்!

சரி, இனிதான் சுவையான வேலை. கோடுகள் பிரியும் முடிச்சுகளில் ‘நடுவில் எது நின்றது?’ என்று கேட்டு, தெரிந்த இடத்தில் எழுதுங்கள். தங்களுக்குள் இணைசேரும் ஒரு கூட்டத்தின் மொத்த மரபணுக்களை மரபணுக் குளம் என்பார்கள். கூட்டம் இரண்டாகிப் போக்குவரத்து நின்றுவிட்டால் இந்தப் பக்கம் தோன்றும் மாற்றம் அந்தப் பக்கம் போய்ச் சேராது, தலைமுறை தலைமுறையாக வித்தியாசம் கூடிக்கொண்டே போகும். சிம்பன்சி–போனபோ முடிச்சில் காங்கோ ஆறு என்று எழுதுங்கள். போனபோ அதன் தெற்கே மட்டுமே வாழ்கிறது, சிம்பன்சி வடக்கே; இரண்டுமே நீந்தி ஆற்றைக் கடப்பதில்லை. ஆனால் ஆறு புதிதாக வந்து கூட்டத்தைப் பிளந்தது என்று எழுதிவிடாதீர்கள். ஆறு அந்தப் பிரிவைவிட மிகப் பழையது. வறண்ட காலத்தில் நீர் குறைந்தபோது ஒரு சிறு கூட்டம் தெற்கே கடந்து அங்கேயே தங்கியிருக்கலாம், எனக்கு அந்த விளக்கம்தான் பொருத்தமாகப் படுகிறது.

உராங்குட்டான் கோடு மூன்றாகப் பிரியட்டும். கடல்தான் தடை என்றால் சுமத்ராவுக்கு ஒன்று, போர்னியோவுக்கு ஒன்று என்று முடிந்திருக்க வேண்டும். 2017-இல் தனி இனமாக விவரிக்கப்பட்ட தபானுலி உராங்குட்டான் சுமத்ராவிலேயே, டோபா ஏரிக்குத் தெற்கே வாழ்கிறது. ஆனால் மரபணுவில் அது ஏரிக்கு வடக்கே இருப்பதைவிடப் போர்னியோ இனத்துக்கே நெருக்கம். வரைபடத்தில் பக்கத்தில் இருப்பதை வைத்து உறவை முடிவு செய்யாதீர்கள்.

தடையின் வலிமையும் எங்கும் ஒன்றல்ல. அமேசான் குரங்குகளைப் பற்றி 1852-இலேயே ஆங்கிலேய இயற்கையியலாளர் வாலஸ் இதைச் சொன்னார்: அகன்ற ஆறுகள் இனங்களுக்கு எல்லையாக நிற்கின்றன, ஆற்றின் தோற்றுவாயை நெருங்கினால் அந்த எல்லை மறைந்துவிடுகிறது.

அதனால் பிரிந்த பிறகும் கலந்த கோடுகளுக்கு நடுவே கடைசியாகப் புள்ளிக்கோடுகள் போடுங்கள். போனபோவின் மரபணுத் துணுக்குகள் சிம்பன்சிகள் சிலவற்றில் கிடைத்திருக்கின்றன, ஆகவே அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒன்று. பபூன் குரங்குகளையும் சேர்த்து வரைந்தால் மஞ்சள் பபூனுக்கும் ஆலிவ் பபூனுக்கும் நடுவே இன்னொன்று, கென்யாவின் அம்போசெலியில் இவை இன்றும் கலந்து குட்டி போடுகின்றன.