அமெரிக்க அதிபர் வேட்பாளர்களின் குடியேற்றக் கொள்கையை ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

2024 ஜூனில் டொனால்ட் டிரம்ப் ஒரு பாட்காஸ்ட் பேட்டியில், அமெரிக்கக் கல்லூரியில் படித்து முடிக்கும் வெளிநாட்டு மாணவருக்குப் பட்டத்தோடு சேர்த்தே நிரந்தரமாகத் தங்கும் உரிமையான கிரீன் கார்டும் கொடுக்க வேண்டும் என்றார். கடன் வாங்கிப் பிள்ளையை எம்.எஸ். படிக்க அனுப்பிய வீடுகளில் அது எவ்வளவு பெரிய செய்தி என்று சொல்ல வேண்டியதில்லை. கடுமையாகச் சோதித்துத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும்தான் என்று அவருடைய பிரசாரக் குழு உடனே சுருதியைக் குறைத்தது. அந்த விளக்கம் முதல் பேச்சு போன தூரம் போகவில்லை. 2025 செப்டம்பரில், அதிபரான அவர் அமெரிக்க நிறுவனங்கள் வெளிநாட்டுத் திறனாளர்களை வேலைக்கு எடுக்கும் எச்-1பி விசாவின் புதிய விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதித்தார்.

இங்கே தவறு எது? பேட்டியில் வந்த ஒரு வாக்கியத்தைக் கொள்கை என்று எடுத்துக்கொண்டதுதான். அதே மனிதர் முதல் ஆட்சிக் காலத்தில், 2020 ஜூனில், எச்-1பி விசாவில் புதிதாக வருவோரை அந்த ஆண்டு முடியும்வரை நிறுத்திவைத்திருந்தார். அந்தப் பழைய ஆணை எல்லோர் கண்முன்னும் இருந்தது. பேச்சு ஒரு பக்கம், கையெழுத்து ஒரு பக்கம் என்று இருக்கும்போது கையெழுத்துக்கே எடை அதிகம்.

இதைவிடப் பெரிய சறுக்கல் ஒன்று உண்டு. வேட்பாளர் சொல்வதைச் செய்ய அவருக்கு அதிகாரம் இருக்கிறதா என்று பார்க்காமலே இரண்டு வாக்குறுதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடைபோடுவது. அமெரிக்காவில் குடியேற்றம் மூன்று இடங்களில் முடிவாகிறது. சட்டமும் பணமும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கையில். வெளிநாட்டவர் நுழைவதை நிறுத்திவைக்கும் அதிகாரம் பெருமளவு அதிபர் கையில். சில நாட்டவருக்கு டிரம்ப் விதித்த பயணத் தடையை 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது அந்த அதிகாரத்தை வைத்துத்தான். இவர்கள் அதிகார வரம்பை மீறினால் தடுப்பது நீதிமன்றம்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு வாக்குறுதிகளைப் பாருங்கள். அமெரிக்க மண்ணில் பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை தருவது 1868-ல் வந்த 14-வது அரசியல் சட்டத் திருத்தம். அதை நிர்வாக ஆணையால் கட்டுப்படுத்துவேன் என்று சொன்ன டிரம்ப், 2025 ஜனவரி 20-ல் பதவியேற்ற அன்றே கையெழுத்தும் போட்டார். சில நாட்களுக்குள் நீதிமன்றம் தடை விதித்தது. மறுபக்கமும் இதே கதைதான். மெக்சிகோ எல்லையில் சுவர் கட்ட மாட்டேன் என்று வந்த ஜனநாயகக் கட்சியின் ஜோ பைடன் ஆட்சியே 2023-ல் டெக்சாஸின் ஸ்டார் கவுண்டியில் சுவர் கட்ட வழிவிட்டது. காங்கிரஸ் 2019-லேயே அதற்கென்று ஒதுக்கிய பணத்தை வேறு வேலைக்குத் திருப்ப முடியாது என்பது பைடன் சொன்ன காரணம்.

நம்மவர்கள் அதிகம் கேட்கும் கிரீன் கார்டு வரிசையும் சட்டத்தால் கட்டுண்டதுதான். வேலை வழியாக ஆண்டுக்கு 1,40,000, அதில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற கணக்கை வைத்திருப்பது 1990-ல் காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டம். இந்த உச்சவரம்பை எந்த அதிபரும் ஆணை போட்டு நீக்கிவிட முடியாது. நீக்குவேன் என்று யாராவது சொன்னால், காங்கிரஸின் மேலவையான செனட்டில் ஒரு மசோதா நகர வழக்கமாகத் தேவைப்படும் 60 வாக்குக்கு என்ன வழி என்பதுதான் அடுத்த கேள்வி.

இனி எண்கள். மெக்சிகோ எல்லையில் இத்தனை லட்சம் பேர் நுழைந்தார்கள் என்று செய்திகளில் வருவது பெரும்பாலும் பிடிபட்ட நிகழ்வுகளின் எண்ணிக்கை, ஆட்களின் எண்ணிக்கை அல்ல. 2020 மார்ச் முதல் 2023 மே வரை பெருந்தொற்றைக் காரணம் காட்டி, பிடிபட்டவர்களை விசாரணையின்றி உடனே திருப்பி அனுப்பினார்கள். வழக்கு இல்லை, தண்டனை இல்லை. அதனால் ஒருவரே மூன்று நான்கு முறை முயன்றார், ஒவ்வொரு முறையும் கணக்கில் ஏறினார். இந்தக் காலத்து எண்ணை இதற்கு முந்தைய காலத்து எண்ணோடு நேராக ஒப்பிட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

எண் ஏறினாலும் இறங்கினாலும் முழுப் பொறுப்பையும் அதிபர் தலையில் போடுவதும் அப்படித்தான். டிரம்பின் முதல் ஆட்சியில் 2017 வசந்த காலத்தில் மிகக் குறைவாக இருந்த மாத எண், அதே அதிபர், அதே கெடுபிடி இருக்கும்போதே 2019 மே மாதத்தில் 1,30,000-ஐத் தாண்டியது. பைடன் ஆட்சியில் 2023 டிசம்பரில் ஏறக்குறைய 2,50,000 என்ற உச்சம். அடுத்த மாதமே அது சரியத் தொடங்கியதற்கு மெக்சிகோ தன் பக்கம் கெடுபிடியை இறுக்கியது முக்கியக் காரணம். புகலிடம் கேட்பதைக் கட்டுப்படுத்தும் பைடனின் ஆணை 2024 ஜூனில்தான் வந்தது. அதற்குப் பிறகு இன்னும் இறங்கியது. டிரம்ப் திரும்பி வந்தபின் 2025-ல் பல பத்தாண்டுகளில் இல்லாத அளவுக்குக் குறைந்தது. ஆக, அதிபரின் கை இல்லை என்றும் சொல்ல முடியாது, அவர் கை மட்டும்தான் என்றும் சொல்ல முடியாது.

சுவர்க் கணக்கும் சுருக்கமாக: டிரம்பின் முதல் ஆட்சியில் கட்டியதாகச் சொன்னது 458 மைல். அதில் பெரும்பகுதி பழைய தடுப்பை மாற்றிக் கட்டியது. முன்பு தடுப்பே இல்லாத இடத்தில் எழுந்த முதன்மைச் சுவர் 52 மைல்.

2024-ல் டிரம்பை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கமலா ஹாரிஸ் விஷயத்தில் இரு தரப்பும் சேர்ந்தே குழப்பினார்கள். எல்லைக்கே பொறுப்பாளர் அவர்தான் என்றது டிரம்பின் குடியரசுக் கட்சி. எல்லைக்கும் அவருக்கும் தொடர்பே இல்லை என்பதுபோல் பேசினார்கள் அவருடைய ஆதரவாளர்கள். 2021 மார்ச்சில் பைடன் அவரிடம் கொடுத்தது, குவாத்தமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடார் நாடுகளிலிருந்து மக்கள் கிளம்பி வருவதன் காரணங்களைச் சமாளிக்கும் ராஜதந்திர வேலை. எல்லையை நிர்வகித்தது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. ஆனாலும் அந்த ஆட்சியின் துணை அதிபர் அவர், அதன் முடிவுகளில் பங்கு உண்டு. 2019-ல் கட்சி விவாத மேடையில், அனுமதியின்றி எல்லை தாண்டுவதைக் குற்றமாகக் கருதக் கூடாது என்பதற்குக் கை தூக்கியவர், 2024 செப்டம்பரில் அரிசோனாவின் டக்ளஸ் நகரில் நின்று புகலிடக் கட்டுப்பாட்டை இன்னும் இறுக்குவேன் என்றார். ஒப்பிடுகிறவர் இதில் எந்த ஆண்டுப் பேச்சை எடுக்கிறோம் என்பதைத் தேதியோடு சொல்ல வேண்டும். ஒருவருடைய பழைய பேச்சையும் மற்றவருடைய புதிய பேச்சையும் எடுத்து வைத்தால் அது ஒப்பீடே இல்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தந்தது, யாரும் மசோதாவைப் படிக்காமல் பேசியதுதான். ஹாரிஸ் திரும்பக் கொண்டுவந்து கையெழுத்திடுவேன் என்று சொன்னது, ஜேம்ஸ் லாங்க்ஃபோர்ட், கிறிஸ் மர்ஃபி, கிர்ஸ்டன் சினிமா என்ற மூன்று செனட்டர்கள் பேசி முடித்த எல்லை மசோதா. தினமும் 5,000 பேரை உள்ளே விடும் சட்டம் என்று அதைப் பற்றிப் பரப்பினார்கள். அந்த 5,000 அனுமதிக் கணக்கு அல்ல. ஒரு வாரத்தின் சராசரி அந்த எண்ணைத் தொட்டால் எல்லையில் பிடிபடுவோரை உடனே திருப்பி அனுப்பியே ஆக வேண்டும் என்ற வரம்பு அது. 4,000-லேயே அப்படிச் செய்யவும் இடம் இருந்தது. டிரம்ப் எதிர்த்தார், மசோதா 2024 பிப்ரவரி 7-ல் 49-க்கு 50 என்று விழுந்தது. அவர் ஒருவரால் மட்டுமே விழுந்தது என்பதும் முழு உண்மை இல்லை. ஹாரிஸின் அணியில் இருந்த செனட்டர்கள் எலிசபெத் வாரன், பெர்னி சாண்டர்ஸ் போன்றோரும் எதிர்த்தே வாக்களித்தார்கள்.

எல்லை மசோதா என்று பெயர் இருந்ததால் நம் வீடுகளில் பலர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குள் எச்-1பி குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றி ஒரு பகுதி இருந்தது. மூன்று வயதில் பெற்றோரோடு போய், அங்கேயே படித்து வளர்ந்த பிள்ளை, கிரீன் கார்டு வருவதற்குள் 21 வயதைத் தொட்டால் குடும்ப வரிசையிலிருந்து விழுந்துவிடும். அப்படி விழாமல் காக்கும் ஏற்பாடு அது. மசோதாவோடு அதுவும் போனது. அந்தப் பிள்ளைகள் இன்றும் 21-வது பிறந்தநாளுக்கு முன்னால் மாணவர் விசாவுக்கு அலைகிறார்கள்.