இரண்டு ‘பாஸ்’ இருந்தும் மெயில் ஏன் ஸ்பாமுக்குப் போகிறது? சொந்த டொமைனில் மொத்தமாக அனுப்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை அமாவாசைக்கு நான்கு நாள் இருக்கும்போது ராமேஸ்வரத்தில் லாட்ஜ் நடத்தும் ஒரு அண்ணன் கூப்பிட்டார். “தம்பி, ரூம் போட்டவங்க எல்லாம் மெயில் வரலைன்னு போன் மேல போன் போடுறாங்க.” போய்ப் பார்த்தேன். மெயில்கள் போயிருந்தன, ஆனால் ஸ்பாமில் கிடந்தன. கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, மெயிலின் ஓரத்து மூன்று புள்ளிகளை அழுத்தி ‘ஷோ ஒரிஜினல்’ கொடுத்தேன். மேலே மூன்று வரிகள்: எஸ்பிஎஃப் பாஸ், டிகேஐஎம் பாஸ், டிமார்க் ஃபெயில்.

“ரெண்டு பாஸ் ஆகியிருக்கே, அப்புறம் என்ன?” என்றார். மண்டபத்திலிருந்து தொண்டி வரை நான் சரிசெய்து கொடுத்த கோளாறுகளில் பாதி இந்தக் கேள்விக்குள் அடங்கிவிடும்.

எஸ்பிஎஃப் என்பது, எந்தெந்த சர்வர்கள் ஒரு டொமைனுக்காக (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) மெயில் அனுப்பலாம் என்று டிஎன்எஸ்ஸில் (அந்தப் பெயரின் விவரங்கள் இருக்கும் இணையப் பதிவேடு) எழுதி வைக்கும் பட்டியல். டிகேஐஎம் மெயிலோடு போகும் டிஜிட்டல் கையெழுத்து. டிமார்க் இவற்றை வைத்துக்கொண்டு ஒன்றைக் கேட்கிறது: பாஸ் ஆனது யாருடைய டொமைன்? ‘ஃப்ரம்’ வரியில் படிப்பவர் கண்ணில் படும் டொமைனா, வேறா? அண்ணனின் மெயிலில் ஃப்ரம் வரியில் லாட்ஜ் பெயர். இரண்டு பாஸும் கிடைத்ததோ மெயில் அனுப்பித் தரும் நிறுவனத்தின் டொமைனுக்கு. விசைப்படகு கடலுக்குப் போக மீன்வளத்துறை டோக்கன் வேண்டும் இல்லையா? பக்கத்துப் படகின் டோக்கனைக் காட்டினால் டோக்கன் அசல்தான், ஆனால் படகு அது இல்லையே. இப்படிச் சொன்னதும் அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

சரிசெய்வது பெரிய வேலை இல்லை. மெயில் சேவையின் செட்டிங்ஸில் டொமைனை வெரிஃபை செய்யும் பகுதி இருக்கும். அது தரும் ரெக்கார்டுகளை நம் டிஎன்எஸ்ஸில் சேர்த்தால், கையெழுத்து நம் டொமைன் பெயரிலேயே விழும். எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்று பொருந்தினாலே டிமார்க் பாஸ் ஆகும். நான் டிகேஐஎம்மைத்தான் முதலில் சரிசெய்வேன். வாடிக்கையாளர் தன் மெயிலை வேறு முகவரிக்குத் தானாக ஃபார்வர்டு ஆகும்படி வைத்திருந்தால் எஸ்பிஎஃப் பெரும்பாலும் உடைந்துவிடும். கையெழுத்து, மெயிலை யாரும் திருத்தாதவரை நிற்கும்.

அண்ணனின் டிமார்க் ரெக்கார்டில் ‘குவாரன்டைன்’ என்று இருந்தது. வெப்சைட் போட்டுக் கொடுத்தவர் எங்கிருந்தோ காப்பி எடுத்து ஒட்டியிருக்கிறார். ஃபெயில் ஆனால் ஸ்பாமில் போடு என்று நாமே சொல்லிவைத்தால் ஜிமெயில் அதைத்தான் செய்யும். முதலில் ‘நன்’ (none, ஃபெயில் ஆனாலும் எதுவும் செய்யாதே) என்று வைத்து, ரிப்போர்ட் வர ஒரு முகவரி கொடுத்து, சில வாரம் கவனியுங்கள். பில் போடும் சாஃப்ட்வேர், வெப்சைட்டின் தொடர்பு படிவம், ஆடிட்டர் ஆபீசில் ஓடும் கணக்கு மென்பொருள் என்று நம் பெயரில் எத்தனை இடத்திலிருந்து மெயில் போகிறது என்பது அப்போதுதான் தெரியும். அவையெல்லாம் பாஸ் ஆனபிறகு குவாரன்டைன், அதற்கப்புறம் ‘ரிஜெக்ட்’, அதாவது ஃபெயில் ஆனால் ஏற்கவே ஏற்காதே. ஆனால் நன்னிலேயே ஆண்டுக்கணக்கில் நின்றுவிடாதீர்கள். காசியிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வருகிறவர் உங்கள் பெயரை மெயிலில் பார்த்துத்தான் அட்வான்ஸ் அனுப்புகிறார். அந்தப் பெயரில் வேறு ஒருவன் மெயில் அனுப்ப வழி திறந்து கிடப்பதை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

எஸ்பிஎஃப்பில் அடிக்கடி நடப்பது, புதுச் சேவை சேர்த்ததும் இரண்டாவது எஸ்பிஎஃப் வரி போடுவது. ஒரு டொமைனுக்கு ஒரே வரிதான். இரண்டு இருந்தால் சோதனையே பிழையாகிவிடும். புதியதை ‘இன்க்ளூட்’ என்று பழைய வரிக்குள்ளேயே சேர்க்க வேண்டும். அந்த வரியைச் சரிபார்க்கும்போது 10 டிஎன்எஸ் தேடலுக்கு மேல் போகக்கூடாது. இன்க்ளூட்டுக்குள் இருக்கும் இன்க்ளூட்டும் கணக்கில் சேரும். வரியின் கடைசியில் ‘ஆல்’ முன்னால் கூட்டல் குறி இருந்தால் உடனே எடுங்கள், உலகத்தில் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று பொருள். ஃப்ரம் வரியில் ஜிமெயில் முகவரியை வைத்து மெயில் சேவை வழியாக மொத்தமாக அனுப்புவதும் கூடவே கூடாது.

“நாங்க எங்க தம்பி ஐயாயிரம் அனுப்புறோம்?” என்று கேட்பவர்கள் உண்டு. 2024 பிப்ரவரி முதல், ஒரு நாளில் ஜிமெயில் முகவரிகளுக்கு மட்டும் 5,000 மெயில் அளவுக்கு அனுப்பினால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் வேண்டும் என்பது கூகுளின் விதி. மைக்ரோசாஃப்ட்டும் 2025 மே மாதம் இதே வழிக்கு வந்துவிட்டது. கூகுள் சப்டொமைன்களையும் சேர்த்தே எண்ணுகிறது, ஒருமுறை எல்லையைத் தொட்டால் பிறகு குறைத்தாலும் மொத்த அனுப்புநர்தான். விளம்பர மெயில்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி இருக்க வேண்டும், விலகியவரை இரண்டு நாளுக்குள் நீக்க வேண்டும். ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. ஆயிரம் பேரில் மூன்று பேர் அழுத்தினாலே தொட்டுவிடும்!

அப்புறம் முகவரிப் பட்டியல். மண்டபம் பக்கம் கருவாடு ஆன்லைனில் விற்கும் ஒருவர், ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முழுக்க ஒரு மெயிலும் அனுப்பாமல் இருந்துவிட்டு, ஜூன் பாதியில் படகுகள் போன மறுநாளே மொத்தப் பட்டியலுக்கும் தட்டிவிட்டார். அமைதியாக இருந்த டொமைனிலிருந்து திடீரென்று வெள்ளம் வந்தால் ஜிமெயில் சந்தேகப்படத்தான் செய்யும். அதோடு அந்தப் பட்டியல், கடை நோட்டில் கையால் எழுதியதைப் பார்த்து டைப் செய்தது. முகவரிகளில் எழுத்துப் பிழை, நிறைய மெயில் பவுன்ஸ் ஆகித் திரும்பியது. உட்கார்ந்து நோட்டோடு ஒப்பிட்டுத் திருத்தினோம். சமீபத்தில் வாங்கியவர்களுக்கு முதல் நாள் இருநூறு, அடுத்த நாள் நானூறு என்று அனுப்பத் தொடங்கினோம். இப்போது தடைக்காலத்திலும் வாரம் ஒரு மெயில் போகிறது, ஏற்கெனவே காயவைத்து இருப்பில் உள்ள நெத்திலி பற்றி.