தேதியை நீங்கள் போடாதீர்கள், மென்பொருள் போடட்டும்

திட்ட வேலைகளுக்குக் கால அட்டவணை போடும் மென்பொருளான மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டில் போட்ட ஷெட்யூல் ஒன்று பயனில்லாமல் போனால், பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஸ்டார்ட், ஃபினிஷ் நெடுவரிசைகளில் யாரோ கையால் தேதி அடித்திருப்பார்கள். பட்டைகள் வரிசையாக, அழகாகத்தான் தெரியும். நடுவில் ஒரு வேலை நான்கு நாள் தள்ளிப்போனால் அதற்குப் பின்னால் இருப்பது எதுவும் நகராது. அப்படிப்பட்ட ஷெட்யூலை எக்செல்லிலேயே வரைந்துவிடலாம். நீங்கள் கொடுக்க வேண்டியது வேலை எத்தனை நாள், எதற்குப் பிறகு எது, எந்தெந்த நாளில் வேலை நடக்கும் என்ற மூன்றும்தான். தேதி அவற்றிலிருந்து தானாக வர வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது

2010 பதிப்பிலிருந்து புதிதாகச் சேர்க்கும் வேலைகள் 'மேனுவலி ஷெட்யூல்டு' நிலையில்தான், அதாவது தேதியை நாமே போடும் நிலையில்தான் வருகின்றன. டாஸ்க் மோட் நெடுவரிசையில் குண்டூசிப் படம் தெரிந்தால் அந்த வேலை மேனுவல். ஃபைல், ஆப்ஷன்ஸ், ஷெட்யூல் எனப் போய், புதிய வேலைகளை 'ஆட்டோ ஷெட்யூல்டு' ஆக்குங்கள். அந்தப் பகுதியின் தலைப்புக்குப் பக்கத்தில் உள்ள பெட்டியில் 'ஆல் நியூ ப்ராஜெக்ட்ஸ்' என்று தேர்ந்தெடுத்து இதையே மறுபடி செய்தால் அடுத்த கோப்புகளுக்கும் மாறிவிடும். ஏற்கெனவே இருக்கும் வேலைகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து 'ஆட்டோ ஷெட்யூல்' பொத்தானை அழுத்தலாம். அழுத்துவதற்கு முன் கோப்பை ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இணைப்பு இல்லாத வேலைகளெல்லாம் ப்ராஜெக்ட் தொடங்கும் நாளுக்குத் தாவிவிடும். பயப்பட வேண்டாம், எங்கெங்கே லிங்க் விட்டுப்போயிருக்கிறது என்பதை அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து காலண்டர். பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். வேலை நேரத்தை இரண்டு இடத்தில் சொல்ல வேண்டும்: 'சேஞ்ச் வொர்க்கிங் டைம்' பெட்டியில் ஒன்று, ஆப்ஷன்ஸில் உள்ள 'ஹவர்ஸ் பெர் டே'யில் இன்னொன்று. காலண்டரில் ஒரு நாளைக்கு 9 மணி நேரம் என்று மாற்றிவிட்டு, ஆப்ஷன்ஸில் பழைய 8-ஐ அப்படியே விட்டால் என்ன ஆகும்? 10 நாள் என்று அடிக்கிறீர்கள். மென்பொருள் அதை 80 மணி நேரமாக எடுத்துக்கொள்ளும். நாளைக்கு 9 மணி நேரம் வீதம் அது ஒன்பதாவது நாள் மாலை, வேலை முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதே தீர்ந்துவிடும். அடுத்த வேலை அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தில் தொடங்கும். இப்படியே முப்பது வேலை போனால் தேதிகள் ஏன் இப்படி வருகின்றன என்று யாராலும் சொல்ல முடியாது. அதே பக்கத்தில் உள்ள 'டிஃபால்ட் ஸ்டார்ட் டைம்', காலண்டரில் வேலை தொடங்கும் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

இணைப்புகள்

தலைப்பு வேலைகளை, அதாவது சம்மரி டாஸ்க்குகளை, ஒன்றோடொன்று இணைக்காதீர்கள். அவற்றுக்குள் இருக்கும் வேலைகளைத்தான் இணைக்க வேண்டும். முதல் வேலையையும் கடைசி வேலையையும் தவிர, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

ஆட்டோ நிலையில் உள்ள வேலைக்கு ஸ்டார்ட் நெடுவரிசையில் தேதி அடித்தாலும் ஒரு சிக்கல் உண்டு. 'ஸ்டார்ட் நோ எர்லியர் தேன்' என்ற கட்டுப்பாடு (கன்ஸ்ட்ரெயின்ட்) சத்தமில்லாமல் விழுந்துவிடும். முந்தைய வேலை சீக்கிரம் முடிந்தாலும் இந்த வேலை அந்தத் தேதிக்கு முன்னால் வராது. 'கன்ஸ்ட்ரெயின்ட் டைப்' நெடுவரிசையைச் சேர்த்து, 'ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்' அல்லாதவற்றை வடிகட்டிப் பாருங்கள். வெளியிலிருந்து பொருள் வந்து சேரும் நாள் போன்ற நியாயமான காரணம் இருந்தால் கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டு, காரணத்தை நோட்ஸில் எழுதுங்கள். மற்றதை எடுத்துவிடுங்கள்.

முடிக்க வேண்டிய தேதிக்கு 'மஸ்ட் ஃபினிஷ் ஆன்' போடுவது அதைவிட ஆபத்து. முன்னால் உள்ள வேலைகள் எவ்வளவு தள்ளிப்போனாலும் கடைசி வேலை அதே தேதியில் உட்கார்ந்திருக்கும், தாமதம் கண்ணுக்கே படாது. டாஸ்க் இன்ஃபர்மேஷனில் அட்வான்ஸ்டு பக்கத்தில் 'டெட்லைன்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. தேதியை அங்கே போடுங்கள். கணக்கு தடைபடாது, தேதி தாண்டினால் சிவப்பு ஆச்சரியக்குறி வரும்.

காத்திருக்கும் நேரத்தையும் கவனியுங்கள். கான்கிரீட் வியாழன் மாலை போட்டு முடித்து, ஏழு நாள் நீராற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். லிங்க்கில் 7 நாள் லேக், அதாவது இடைவெளி, கொடுத்தால் மென்பொருள் வேலை நாட்களை மட்டும் எண்ணும். சனி, ஞாயிறு விடுமுறை என்றால் அடுத்த வேலை அடுத்த வாரத்தையும் தாண்டி செவ்வாய்க்கிழமைதான் தொடங்கும். கான்கிரீட்டுக்கு விடுமுறை கிடையாது. விடுமுறையையும் சேர்த்து எண்ணும் 'எலாப்ஸ்டு' நாளாக 7 கொடுத்தால் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமையே தொடங்கிவிடலாம். நீராற்றலை லேக்கில் ஒளித்து வைக்காமல் தனி வேலையாகவே காட்டுவது இன்னும் நல்லது, பார்ப்பவர்களுக்குப் புரியும்.

எல்லாம் போட்ட பிறகு ஒரு சோதனை. ஏதாவது ஒரு வேலையின் 5 நாளை 100 ஆக்கிப் பாருங்கள். ப்ராஜெக்ட் முடியும் தேதி நகர வேண்டும். நகரவில்லை என்றால் அந்த வேலையிலிருந்து கடைசி வரை போகும் வழியில் எங்கோ லிங்க் அறுந்திருக்கிறது, அல்லது கட்டுப்பாடு இருக்கிறது. கண்ட்ரோல், இசட் அழுத்திப் பழையபடி ஆக்கிவிட்டு அடுத்ததைச் சோதியுங்கள். இன்னொரு ஷெட்யூல் மென்பொருளான பிரைமவெரா பி6-இல் எஃப்9 அழுத்தி ஷெட்யூல் செய்ததும் வரும் லாகிலேயே (பதிவிலேயே), முன்னாலோ பின்னாலோ இணைப்பில்லாத வேலைகளின் பட்டியல் இருக்கும். அதைத் திறந்து பார்க்காமல் மூடாதீர்கள்.

வாராவாரம்

ஒப்புதல் வந்த அன்றே பேஸ்லைன், அதாவது பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அசல் திட்டத்தின் பதிவு, எடுங்கள். மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டில் 11 பேஸ்லைன் வைக்கலாம். முதல் நாளே 'பேஸ்லைன்', 'பேஸ்லைன் 1' இரண்டிலும் சேமித்துவிட்டால், பின்னாளில் ஒப்புக்கொண்ட மாற்றத்துக்காக முதலாவதைத் திருத்தினாலும் அசல் பத்திரமாக இருக்கும்.

வாரம் ஒருமுறை ஸ்டேட்டஸ் டேட்டை (எந்த நாள் வரையிலான நிலவரம் என்பதைச் சொல்லும் தேதியை) மாற்றிவிட்டு ஒவ்வொருவரிடமும் விவரம் கேளுங்கள். "எத்தனை சதவீதம் முடிந்தது?" என்று மட்டும் கேட்காதீர்கள். 10 நாள் வேலையில் 6 நாள் போயிருந்தால் பதில் "60" என்றுதான் வரும். "இன்னும் எத்தனை நாள் வேண்டும்?" என்று கேட்டால் "ஆறு நாள்" என்பார். ஆக மொத்தம் அது 12 நாள் வேலை, முடிந்திருப்பது பாதி. உண்மையில் தொடங்கிய தேதி, இதுவரை போன நாள், மீதி நாள் மூன்றையும் பதியுங்கள், சதவீதத்தை மென்பொருள் போட்டுக்கொள்ளும்.

பிறகு 'அப்டேட் ப்ராஜெக்ட்' பெட்டியில், முடியாத வேலைகளை ஸ்டேட்டஸ் டேட்டுக்குப் பின்னால் தள்ளும் இரண்டாவது தேர்வைப் பயன்படுத்துங்கள். தவறினால் செய்யாத வேலை போன வாரத்திலேயே கிடக்கும். போன வாரத்தில் இனி யாரும் வேலை செய்ய முடியாது. பி6-இல் ஸ்டேட்டஸ் டேட்டுக்கு இணையான டேட்டா டேட்டை நகர்த்தி எஃப்9 அழுத்தினால் இது தானாக நடக்கும். அங்கே லிங்க்கை மதித்துக் கணக்குப் போடும் 'ரிடெய்ன்ட் லாஜிக்'கை அப்படியே விடுங்கள். 'ப்ராக்ரெஸ் ஓவர்ரைடு'க்கு மாற்றினால், முறை மாறித் தொடங்கிய வேலைகளில் லிங்க்கையே கணக்கில் எடுக்காது, முடியும் தேதி பொய்யாக முன்னால் வரலாம்.

கிரிட்டிக்கல் பாத், அதாவது தள்ளிப்போனால் முடியும் தேதியையே தள்ளும் வேலைகளின் வரிசை, பார்க்கும்போது ஸ்லாக் (தள்ளிப்போக இருக்கும் அவகாசம்) பூஜ்யமாக உள்ளவற்றோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு பக்கத்தின் அடியில் உள்ள அந்தப் பூஜ்யத்தை 3 ஆக்குங்கள். அடுத்த வாரம் சிவப்பாகக்கூடிய வேலைகள் இந்த வாரமே தெரியும்.