இரண்டு சீட் காரில் தீயணைப்பான்: இடம் முதலில், சிலிண்டர் பிறகு

பெரும்பாலானோர் சிலிண்டரை வாங்கிவிட்டுத்தான் அதை எங்கே வைப்பது என்று யோசிக்கிறார்கள். பெரிய எஸ்யூவியில் இது எப்படியோ சமாளித்துவிடும். சான் ஸ்டார்ம், பிஎம்டபிள்யூ இசட்4, போர்ஷே பாக்ஸ்டர், ஆடி டிடி போன்ற சின்ன கார்களில் சமாளிக்காது. வாங்கிய சிலிண்டர் எங்கும் பொருந்தாமல் கடைசியில் டிக்கியில் உருளும். சீட் பெல்ட்டைக் கழற்றாமலே, அல்லது கழற்றிய அடுத்த நொடியே கைக்கு எட்டாத தீயணைப்பான் இருந்தும் இல்லாததுதான். முன்பக்கம் இடித்து நின்ற காரில் டிக்கி திறக்காமல் போகலாம். எஞ்சின் நடுவில் இருக்கும் கார்களில் டிக்கி தீக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

ஆகவே கடைக்குப் போகும் முன் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு காரில் உட்காருங்கள். ஒரு கிலோ பவுடர் சிலிண்டரின் பருமன் ஏறக்குறைய அதுதான். உயரம் மட்டும் வால்வையும் கைப்பிடியையும் சேர்த்து இன்னும் கொஞ்சம் கூடும். இடது பக்க சீட்டின் முன் விளிம்புக்குக் கீழே பாட்டிலைக் குறுக்காகப் படுக்க வைத்துப் பாருங்கள். சீட்டைக் கடைசி வரை முன்னே தள்ளுங்கள், பின்னே இழுங்கள். உயரத்தை மாற்றும் சீட் என்றால் முழுக்கக் கீழே இறக்குங்கள். எந்த நிலையிலும் பாட்டிலைச் சுற்றி ஒரு விரல் இடைவெளியாவது இருக்க வேண்டும். பிறகு ஒருவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, அவர் கெண்டைக்கால் பாட்டிலில் இடிக்கிறதா என்று பாருங்கள். இடித்தால் அந்தச் சிலிண்டர் சில வாரங்களில் கால்மனையாகிவிடும். கைப்பிடியைப் பூட்டும் பாதுகாப்பு ஊசி வளையும், சிலிண்டரைப் பிடித்திருக்கும் பிராக்கெட் தளரும்.

சின்ன காரில் இதுவே ஆகச் சிறந்த இடம் என்பது எங்கள் துணிந்த கருத்து. நம் ஊர்க் கார்களில் ஓட்டுநர் வலப்பக்கம். சிலிண்டரின் தலை, அதாவது கைப்பிடி இருக்கும் பக்கம், கார் நடுவை நோக்கி இருந்தால் ஓட்டுநரின் இடது கை நேராக அதில் போய் நிற்கும். வெளியிலிருந்து இடது கதவைத் திறக்கும் ஆளுக்கும் எட்டும். தரையை ஒட்டி நிழலில் இருப்பதால் வெயிலும் படாது. பெங்களூரு வெயில் லேசானது என்று நினைக்க வேண்டாம். ஏப்ரலில் மூடி நிறுத்திய காரின் டாஷ்போர்டு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பல சிலிண்டர்களின் லேபிளில் உச்ச வெப்பநிலை 55 அல்லது 60 என்றுதான் போட்டிருக்கும்.

ஓட்டுநர் சீட்டின் முன்னால் மட்டும் வேண்டவே வேண்டாம். கழன்று உருண்டால் பிரேக் பெடலுக்கு அடியில் போய் உட்காரும். தலைக்குப் பின்னாலுள்ள ரோல் பாரில் கட்டுவது படத்தில் நன்றாகத் தெரியும். கூரை திறந்த காரில் நாள் முழுக்க வெயில் படும், மோதலில் தலைக்கும் மிக அருகில் இருக்கும்.

எந்தச் சிலிண்டர்

தெருவில் ஓடும் காருக்கு மூன்று வகையில்தான் தேர்வு. முதலாவது ஏபிசி பவுடர், அதாவது திடப்பொருள், திரவம், வாயு மூன்றின் தீக்கும் உரியது. இதில் இருப்பது மோனோ அமோனியம் பாஸ்பேட். சூட்டில் உருகி, எரியும் பொருளின் மேல் படலமாகப் படிந்துவிடும். அதனால் அணைந்த ரப்பரும் பிளாஸ்டிக்கும் மறுபடி பற்றுவது குறையும். காற்று அடிக்கும் சாலையோரத்திலும் வேலை செய்யும். விலையும் குறைவு. குறை, அது விட்டுச்செல்லும் அழுக்கு. ஈரம் பட்டால் அமிலத்தன்மை காட்டி அலுமினியத்தையும் கனெக்டர்களையும் அரிக்கும்.

இரண்டாவது கிளீன் ஏஜென்ட், அதாவது மிச்சம் விடாமல் ஆவியாகிவிடும் அணைப்பான். எச்.எஃப்.சி.-236எஃப்ஏ, எஃப்.கே.-5-1-12 ஆகியவை இந்த வகை. இரண்டாவதை நோவெக் 1230 என்ற பெயரில் விற்ற 3எம் நிறுவனம், 2025 இறுதிக்குள் அந்தத் தயாரிப்பிலிருந்து விலகுவதாக 2022இல் அறிவித்தது. அதே பொருளை வேறு நிறுவனங்களும் செய்கின்றன. லேபிளில் வேதிப்பெயரைப் பார்த்து வாங்குங்கள். எதையும் அழுக்காக்காது என்பதே இதன் பலம். ஆனால் கிலோவுக்குக் கிலோ பவுடரின் அணைப்புத் திறன் இதற்கு இல்லை, திறந்த வெளியில் காற்று கொண்டுபோய்விடும், விலையும் பல மடங்கு. கடும் தீயில் பட்டால் எரிச்சலூட்டும் நச்சு வாயுவாகவும் சிதையும், ஆகவே மூடிய கேபினுக்குள் அடித்துவிட்டு உள்ளேயே உட்காரக் கூடாது. பானெட்டைச் சற்றே தூக்கிய எஞ்சின் அறைக்குள் அடிக்க இது அருமையானது.

மூன்றாவது ஏ.எஃப்.எஃப்.எஃப்., அதாவது எரிபொருளின் மேல் படலமாகப் பரவும் நுரை. பந்தயக் கார்களுக்கு ஏற்றது. இடமும் எடையும் அதிகம் கேட்கும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை விட்டுவிடலாம். உயர் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய கனத்த உலோகம், 2 கிலோ வாயுவுக்கே சின்ன காருக்கு ஆகாத எடை. இணையத்தில் விற்கும் அரை லிட்டர் ஸ்பிரே டப்பாவும் பெட்ரோல் தீக்குப் போதாது. அதில் பெரும்பாலும் பிரஷர் கேஜ் கிடையாது. உள்ளே அழுத்தம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

ஒரே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 1 கிலோ ஏபிசி பவுடர் வாங்குங்கள். பத்து வினாடி அளவுக்குத்தான் அடிக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். இடம் இருந்தால் 2 கிலோ. பந்தயத்துக்கும் போகிறவர்கள் தங்கள் வகுப்புக்கு இந்திய மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. வெளியிடும் விதியைப் படித்துவிட்டு வாங்க வேண்டும், உலக அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதியில் கையால் இயக்கும் பவுடர் சிலிண்டருக்கு 2 கிலோ என்பதே குறைந்தபட்ச அளவு.

உடலில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 15683 என்ற எண்ணும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுக் கடையில் நின்றபடியே சரிபார்க்கலாம். உற்பத்தித் தேதியைப் பாருங்கள். தலை உலோகமா பிளாஸ்டிக்கா என்பதையும் பாருங்கள். பிளாஸ்டிக் தலையைத் தொட வேண்டாம். லேபிளில் 21பி என்பது போல ஓர் எண் இருக்கும். சோதனைத் தொட்டியில் இருந்த திரவத்தின் லிட்டர் கணக்கு அது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி எரிபொருள். அமெரிக்கச் சிலிண்டரில் வரும் 10பி வேறு கணக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

பிராக்கெட்

சிலிண்டரோடு இலவசமாக வரும் கம்பிக் கொக்கியும் பிளாஸ்டிக் பட்டையும் சுவருக்கானவை. காருக்கு ஆகாது. எஃப்.ஐ.ஏ. கேட்பது 25 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 25 மடங்கு வேகக்குறைப்பைத் தாங்கும் பிடிமானம்: குறைந்தது இரண்டு உலோகப் பட்டைகள், இரண்டிலும் சட்டென்று திறக்கும் உலோகக் கொக்கி, சிலிண்டர் நீளவாக்கில் நழுவாமல் தடுக்கும் காதுகள். தெருக் காருக்கு இது கட்டாயமில்லை, ஆனால் கணக்குப் போட்டால் புரியும். 1 கிலோ பவுடர் சிலிண்டரின் மொத்த எடை ஏறக்குறைய 2 கிலோ. 25 ஜியில் அது 50 கிலோ பாரமாகப் பட்டையை இழுக்கும். வெல்க்ரோவும் ரப்பர் பட்டையும் அங்கே நிற்காது.

குறுக்காக வைக்கச் சொல்வதற்கும் இதுவே காரணம். நீளவாக்கில் வைத்தால் நேர் மோதலில் வழவழப்பான உருளை பட்டைக்குள்ளிருந்து உருவிக்கொண்டு முன்னே பாயும். குறுக்காக இருந்தால் பாரம் பட்டையின் மேலும் பிராக்கெட்டின் மேலும் விழும். பக்கவாட்டு மோதலுக்காக இரு முனையிலும் காது வேண்டும்.

பிராக்கெட்டைத் தரைத் தகட்டில் நேரே முடுக்குவதை விட, சீட்டின் முன் போல்ட்டுகள் இரண்டுக்கும் நடுவே ஒரு பட்டைத் தகடு போட்டு அதன்மேல் ஏற்றுவது நல்லது. துளை போட வேண்டாம், நாளை காரை விற்கும்போது சுவடும் இருக்காது. சில கார்களுக்குத் தயார்நிலைத் தகடு கிடைக்கும். இல்லையென்றால் அட்டையில் அச்சு வெட்டி, போல்ட் துளைகளின் இடைவெளியை இரண்டு முறை அளந்து, பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையில் ஏதாவது லேசர் கட்டிங் பட்டறையில் 3 மி.மீ. எஃகுத் தகட்டில் வெட்டி வளைத்து வாங்கலாம். அகலம் 50 மி.மீ. போதும். மூலைகளை உருட்டச் சொல்லுங்கள், கால் கிழியாது. துளை முழு வட்டமாக இருக்கட்டும். பக்கம் திறந்த வெட்டு மோதலில் உருவிக்கொள்ளும்.

சீட்டின் போல்ட்டைத் தொடும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். சீட்டுக்கு அடியில் ஏர்பேக்குக்கான மஞ்சள் கனெக்டர் இருக்கலாம். அதை இழுக்காமலே வேலை முடியும், முடிய வேண்டும். தகடு, சீட் முன்னும் பின்னும் நகரும் ரயிலின் காலுக்கு மேலே, போல்ட் தலைக்குக் கீழே வர வேண்டும். ரயிலுக்கும் தரைக்கும் நடுவே செருகினால் சீட் சாயும். ரயில் முறுக்கிக்கொண்டு நகர மறுக்கும். தகட்டின் 3 மி.மீ. தடிமன் மரையில் இறங்கும் நீளத்தில் குறையும் என்பதை மறக்க வேண்டாம். மரைக்குள் இறங்கும் நீளம் போல்ட்டின் விட்டத்துக்குக் குறைந்தால், அதே மரை, அதே தரமுள்ள நீளப் போல்ட் போடுங்கள். தலையில் உள்ள 8.8 அல்லது 10.9 என்ற எண்ணைப் பார்த்து பெங்களூரு ஜே.சி. ரோட்டில் உள்ள உதிரிபாகக் கடையில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். முடுக்கும் அளவு காரின் வொர்க்‌ஷாப் கையேட்டில் இருக்கும். டார்க் ரெஞ்ச்சில் அதே அளவு, கைக்கணக்கு வேண்டாம். நடுவில் ரப்பர் வாஷர் எதுவும் கூடாது. சீட்டைப் பிடித்திருப்பது அந்தப் போல்ட்தான்.

பிராக்கெட்டைத் தகட்டோடு பிணைக்க எம்6 (6 மி.மீ.) போல்ட், உள்ளே நைலான் வளையம் இருப்பதால் தளராத நைலாக் நட். நான்கு இடத்தில் போட்டால் எம்6 முறியாது. முறிவது எப்போதும் மெல்லிய தகடுதான். அதனால் தரையில் துளை போட்டே ஆகவேண்டிய கார்களில், ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்தத் தகட்டுக்கு அடியில் 3 மி.மீ. எஃகு பேக்கிங் பிளேட் வைத்துத்தான் முடுக்க வேண்டும். தகட்டில் பதிக்கும் மரைக் குழலான ரிவ்நட் மட்டும் போட்டால் பிய்ந்துகொண்டு வரும். சான் ஸ்டார்ம் மாதிரி ஃபைபர்கிளாஸ் உடல் என்றால் உடலில் மாட்டவே கூடாது. சேசிஸோடு இணைந்த சீட் போல்ட் மட்டுமே வழி. துளை போடும் முன் காரைத் தூக்கி அடியில் பெட்ரோல் குழாய், பிரேக் குழாய் எங்கே ஓடுகின்றன என்று பாருங்கள். எஞ்சின் பின்னால் இருக்கும் காரில் கூலண்ட் குழாயும் அடியில்தான் போகும். கார்பெட்டை வெட்டி விலக்கிவிட்டுத் துளையிடுங்கள், இல்லையென்றால் டிரில் நூலைச் சுற்றி இழுத்துக் கார்பெட்டையே பிரித்துவிடும். துளை விளிம்பில் பிரைமர், அடியில் சீலண்ட். இதைத் தவிர்த்தால் இரண்டு மழைக்காலத்தில் அங்கே துரு நிற்கும்.

சிலிண்டருக்கும் பட்டைக்கும் நடுவே மெல்லிய ரப்பர் பட்டி ஒட்டுங்கள். சத்தம் வராது, பெயின்ட் உரியாது. ஃபெல்ட் துணி வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கேஜ் மேலே தெரியும்படி திருப்பி மாட்டுங்கள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, பெல்ட் போட்டபடி ஒரு கையால் எடுத்துப் பாருங்கள். இரண்டு கொக்கிகளும் ஒரே பக்கம் திறக்க வேண்டும். எடுக்க வரவில்லையென்றால் கொக்கியைத் திருப்பி மாட்டுங்கள், பழகிவிடும் என்று விட வேண்டாம்.

மாட்டிய பிறகு

புதிதாக இருக்கும்போதே சமையலறைத் தராசில் நிறுத்து, எடையை லேபிளில் எழுதுங்கள். கேஜ் முள் சிக்கிக்கொள்வதுண்டு; எடை பொய் சொல்லாது. கிளீன் ஏஜென்டில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் நைட்ரஜன் அழுத்தம் கேஜைப் பச்சையில் நிறுத்திவிட, ஏஜென்ட் கசிந்திருக்கலாம். மாதம் ஒருமுறை பவுடர் சிலிண்டரைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து அடியில் உள்ளங்கையால் தட்டுங்கள். பெங்களூருவின் குழிச் சாலைகளில் பவுடர் குலுங்கிக் குலுங்கி அடியில் கெட்டிப்படும். உள்ளே சரிவது கையில் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் மறுநிரப்புக்குக் கொடுங்கள். சோதித்துப் பார்க்க ஒரு வினாடிகூட அடிக்க வேண்டாம்: வால்வு மூடும் இடத்தில் பவுடர் சிக்கி அழுத்தம் மெல்ல வெளியேறிவிடும். அடித்துவிட்டால் மீண்டும் நிரப்பியே ஆக வேண்டும்.

தீ வந்தால் முதலில் ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள், பெட்ரோல் பம்பு நிற்கும். எல்லோரும் இறங்கட்டும். 112 அல்லது 101க்கு ஒருவர் பேசட்டும். பானெட்டை மேலே தூக்காதீர்கள், உள்ளே காற்று பாய்ந்து தீ எகிறும். உள்கொக்கியை மட்டும் விடுவித்து, விரல் அளவு இடைவெளி வழியாகத் தீயின் அடியை நோக்கிச் சின்னச் சின்ன வீச்சாக அடியுங்கள். நடு எஞ்சின் காரில் பக்கவாட்டுக் காற்றுத் துவாரமே வழி. காற்று உங்கள் முதுகில் அடிக்கும் பக்கம் நின்று, சிலிண்டரை நிமிர்த்திப் பிடியுங்கள். படுக்க வைத்தால் பவுடர் முழுக்க வராது. காலியான பிறகும் சுவாலை தெரிந்தால் காரை விட்டுவிட்டு விலகுங்கள்.

பேஸ்மென்ட் பார்க்கிங்கில் எலி கடித்த வயர், ஃபியூஸ் இல்லாமல் இழுத்த ஹார்ன் இணைப்பு, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்படாத பழைய ரப்பர் ஹோஸ் ஆகியவற்றைச் சரிசெய்தால் தீ வருவதையே தடுக்கலாம். அதையும் இதே வாரத்தில் முடியுங்கள்.

பவுடர் அடித்த எஞ்சினை உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. பேட்டரியைக் கழற்றி, முதலில் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி, பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நல்ல தண்ணீரில் மறுபடி துடைத்து உலரவிடுங்கள். கனெக்டர்களைக் கழற்றித் தனியே சுத்தம் செய்யுங்கள். ஏர் ஃபில்டரைத் தட்டிப் போடாமல் புதிதாக மாற்றி, அதற்குப் பின்னால் உள்ள குழாய்க்குள் பவுடர் போயிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகே சாவியைத் திருப்பலாம்.