பழைய சவரக்கத்திக்குப் புதிய மரப்பிடி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முடிதிருத்தும் கடைகள் பிளேடு செருகும் கத்திக்கு மாறி நெடுங்காலம் ஆகிவிட்டது. தாத்தா காலத்து மடக்குக் கத்திகள் அலமாரியில் துருவேறிக் கிடக்கின்றன. இப்போது நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்து இளைஞர்கள் சிலர் அவற்றைத் தேடியெடுத்து, தங்கள் கையாலேயே மரப்பிடி செய்து புழங்க விரும்புகிறார்கள். எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி. ஆனால் என்னிடம் வரும் கத்திகளில், இந்த வேலை பழகிய எல்லோரும் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளைத்தான் பார்க்கிறேன். விரலை வெட்டிக்கொள்வது, கத்தியைக் கீழே போடுவது பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை.

மோட்டார் சக்கரத்தில் பாலிஷ் போடுவது

இதை மட்டும் என்னால் பொறுக்க முடிவதில்லை. குளச்சலிலிருந்து ஒரு தம்பி வந்தார். கையில் ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துக் கத்தி. உப்புக்காற்றில் ஏறிய துருவை எடுக்க ஏதோ ஒரு பட்டறையில் பாலிஷ் சக்கரத்தில் கொடுத்திருக்கிறார். முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்தது. "அண்ணாச்சி, தீட்டினால் கூர் வருகிறது. ஒரு கன்னம் வழிப்பதற்குள் மழுங்கிவிடுகிறதே" என்றார். அந்தக் கத்தி செத்துவிட்டது என்று அவரிடம் சொல்ல எனக்கு மனமில்லை. சொல்லத்தான் வேண்டியிருந்தது.

சவரக்கத்தியின் எஃகைக் கடினமாக்கிய பிறகு மிதமான சூட்டில்தான் பதப்படுத்துவார்கள். அது 200 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடானால் அந்தக் கடினம் இறங்கத் தொடங்கும். முதுகுப் பகுதி தடிமனானது, சூட்டைத் தாங்கும். வாய்ப்பகுதியோ காகிதம்போல் மெல்லியது. அங்கே எழும் சூடு பரவ இடமில்லாமல் நொடிப்பொழுதில் ஏறிவிடும். எஃகு 230 டிகிரி அளவில் வைக்கோல் நிறமும், 300 டிகிரி அளவில் நீல நிறமும் காட்டும். சக்கரம் அந்த நிறத்தையும் உடனுக்குடன் தேய்த்து அழித்துவிடுகிறது. கத்தி கெட்டதற்கான அடையாளமே கண்ணில் படாது. பட்டறைக்காரர் நல்ல எண்ணத்தோடுதான் செய்வார். பித்தளைக் குத்துவிளக்குக்கு அந்தச் சக்கரம் சரி, இதற்கு ஆகாது.

இழப்பு அதோடு நிற்பதில்லை. சாணைக்கல்லில் முதுகையும் வாயையும் ஒருசேரப் படியவைத்துத்தான் சவரக்கத்தியைத் தீட்டுகிறோம். கூரின் கோணத்தைத் தீர்மானிப்பது முதுகின் தடிமன். சக்கரம் முதுகை ஓரிடத்தில் அதிகமாகத் தின்றுவிட்டால், கூர் ஒருபோதும் நேராக அமையாது. செய்தவர் பெயரும் ஊரும் பொறித்த முத்திரையும் மழுங்கிப்போகும்.

கையால் தேயுங்கள். 400, 600, 1000, 2000 என்று ஏறுவரிசையில் நீர் உப்புத்தாளை எடுத்து, தக்கையில் சுற்றி, எண்ணெய் விட்டுத் தேய்க்க வேண்டும். பல மாலைகள் பிடிக்கும், பிடிக்கட்டும். முதுகுப் பக்கம் சில துருக்குழிகள் மிஞ்சினால் பாதகமில்லை. வாயில் குழி இருக்கிறதா என்று மட்டும் வேலையைத் தொடங்குமுன்பே உருப்பெருக்கியில் பாருங்கள். இருந்தால் அந்தக் கத்திக்குப் பிடி செய்து உழைப்பை வீணாக்காதீர்கள்.

பழைய செல்லுலாய்டு பிடியை உடன் வைத்திருப்பது

செல்லுலாய்டு என்பது பழங்காலத்து பிளாஸ்டிக். சிதையும்போது அது அமில ஆவி விடும். அந்த ஆவி எஃகை அரிக்கும். செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றவும் செய்யும். தனியே வையுங்கள்.

கைக்குக் கிடைத்த மரத்தை அறுப்பது

நம் மாவட்டத்தில் எங்கும் கிடைப்பது ரப்பர் மரம். பதப்படுத்தாத ரப்பர் மரத்தில் பூஞ்சையும் வண்டும் விரைவில் ஏறும். பழைய வீடு பிரிக்கும் இடங்களில் கேட்டுப் பாருங்கள். பல்லாண்டு காய்ந்த அயனி, பலா, தேக்குத் துண்டுகள் கிடைக்கும். மரத்தின் ரேகை பிடியின் நீளவாக்கில் ஓட வேண்டும். பிடி என்பது இருபக்கமும் வரும் இரண்டு மெல்லிய பலகைகள்தான். ரேகை குறுக்கே ஓடினால் அவை முறிந்துவிடும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு என்பதால், ஒட்டுமிடத்தை அசிட்டோனால் துடைத்த பிறகே பசை தடவ வேண்டும்.

வெளிப்பக்கம் மட்டும் பூச்சு

நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. உட்பக்கத்தைப் பூசாமல் விட்டால் ஈரம் அந்த ஒரு பக்கமாக அதிகம் ஏறி, பலகை வளையும். கத்தியை மடக்கும்போது வாய் மரத்தில் உரசிக் கூர் போய்விடும். ஆணி அடித்தபின் உள்ளே பூச முடியாது, முன்பே பூசிவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய்

அது உலர்ந்து படலமாகாது. ஆளிவிதை எண்ணெய் உலரும்.

முந்திரிக்கொட்டை எண்ணெய்

உத்தரத்துக்குப் பூசுங்கள். கையில் பிடிப்பதற்கு வேண்டாம், தோலைப் புண்ணாக்கும்.

ஆணியை ஓங்கி அடிப்பது

பழைய ஆணியின் தலையை அரத்தால் தேய்த்துவிட்டுத் தள்ளி எடுங்கள். புதிய ஆணிக்கு இரு பலகைகளையும் சேர்த்துக் கட்டி ஒரே தடவையில் துளையிடுங்கள். 1.6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி போதும். சிறு சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டித்தான் தலை விரிய வேண்டும். சில தட்டுக்கு ஒரு முறை கத்தியைத் திறந்து மூடிப் பாருங்கள். வாய் இரு பலகைக்கும் நடுவே இறங்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஆணியை மேலும் இறுக்காதீர்கள், மரம் பிளந்துவிடும். வால் முனையில் பலகைகளுக்கிடையே வைத்த ஆப்பைக் கழற்றி, அதன் சரிவைச் சீர்செய்து மீண்டும் பொருத்துங்கள்.